பலகை

"கோவிச்சுக்காதீங்க, வாசல் எங்கேன்னு தெரியல" என்று யாரிடமோ சொல்லிவிட்டுத்தான் அந்த அம்மாள் தினமும் காலையில் பலகையில் கால் வைப்பார். பலகைக்குக் கீழே பாதி தோண்டிய அகழி. எழுத்து தோன்றாத காலத்து மனிதர்கள் ஒரு மேட்டைச் சுற்றி வட்டமாக வெட்டி, அந்த மண்ணையே உள்பக்கம் கரையாகக் குவித்திருந்தார்கள். அகழாய்வை நடத்தும் இந்த அம்மாளை வேலையாட்கள் அகழியக்கா என்கிறார்கள்.

முழங்காலில் பழைய டயர்த் துண்டைக் கட்டிக்கொண்டு மண்டியிடுவார். கொத்தனார் கரண்டியால் மண்ணைச் சுரண்டும்போது பேசமாட்டார்; தும்மல் வந்தால்கூடக் குழிக்கு வெளியே முகத்தைத் திருப்பிக்கொள்வார். பொறுமை என்று இதைச் சொல்லத் தயங்குகிறேன். பிடிவாதம் என்பதே நெருக்கமான சொல்.

காரணம் உண்டு. வட்டத்துக்கு வாசல் கிடைத்தால், மனிதர் கூடிய இடம் என்று நிலம் காக்கப்படும். இல்லையென்றால் பழைய வாய்க்கால் என்று சொல்லிக் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவார்கள். இதுவரை தோண்டிய இடமெல்லாம் அகழிதான் வந்தது.

மதியச் சாப்பாடு கொண்டுவரும் கணவர் தையற்காரர். "கடையில ஊசியத் தேடுறேன், இங்க வந்து உன்னைத் தேடுறேன். எந்தக் குழியிலம்மா இருக்க?" என்பார். "சத்தம் போடாதீங்க, மண்ணு சரியுது" என்று பூமிக்குள்ளிருந்து பதில் வரும்.

கடைசிக் குழி தோண்டியபோது நானும் இருந்தேன். "ஒண்ணுமில்லக்கா, வெறும் கெட்டி மண்ணு. மூடிடலாமா?" என்றாள் கூடையோடு நின்றவள். அகழியக்கா இறங்கிக் கரண்டிக் காம்பால் தட்டினார். தள்ளிப்போய் மறுபடி தட்டினார். தூர்ந்துபோன அகழியின் பொலபொல மண் அல்ல. யார் கையும் படாத மஞ்சள் தரை. இரு பக்கமிருந்தும் வந்த அகழி அதன் ஓரத்தில் நின்றுவிட்டிருந்தது.

"தோண்டாம விட்டிருக்காங்கடி" என்றார். "நடந்து வர்றதுக்குன்னு விட்டிருக்காங்க. நல்லா இருக்கணும் அவங்க."

"செத்து எத்தனை காலமாச்சு, இனிமே எங்கக்கா நல்லா இருக்கிறது?" என்றாள் கூடைக்காரி. கண்ணைத் துடைத்தபடியே அவரும் சிரித்தார். செய்ததற்கு நன்றி சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்யாமல் விட்டதற்கு நன்றி சொன்னவரை அன்றுதான் பார்த்தேன்.

தூக்குச்சட்டியோடு வந்த கணவர் வழக்கம்போலப் பலகையருகே போனார். "நில்லுங்க, நில்லுங்க!" என்று எதிர்க்கரையில் ஓடிவந்த அகழியக்கா, குனிந்து பலகையைத் தன் பக்கம் இழுத்துப் போட்டுவிட்டு, மூச்சு வாங்க, சுற்றி வரும்படி வாசலைக் கை காட்டினார்.