சவரக் கத்தி சேர்க்கிறவன்

தபால்தலை சேர்க்கிறவனை உள்ளே கூப்பிட்டு காபி கொடுப்பார்கள். பழைய சவரக் கத்தி சேர்க்கிறவனை கேட்டிலேயே நிறுத்தி, எதுக்கு என்று கேட்பார்கள். கிழக்குத் தாம்பரத்தில் கணக்கு வாத்தியாரான நான் பத்து வருஷமாகச் சேர்ப்பது, பிளேடு மாற்றும் ரேசர் வருவதற்கு முந்தைய மடக்குக் கத்திகளை. எதையாவது சேர்த்து வீட்டில் திட்டு வாங்கும் உங்களுக்கு என் பாடு புரியும்.

ஸ்டேஷன் பெஞ்ச்

ஊரப்பாக்கம் பழைய இரும்புக் கடையில் ஒரு கத்தி கிடைத்தது. எலும்புப் பிடி, அலகில் கப்பல் படம். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதும் பொறுக்க முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்து விரித்துப் பார்த்தேன். பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போனதே தெரியவில்லை. நிமிர்ந்தால் எதிரே ஒரு பெண் போலீஸ்.  பள்ளி அடையாள அட்டையைக் காட்டினேன், கப்பலையும் காட்டினேன். அவர் நிதானமாகப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கத்தியக்கூட விட்ரலாம் சார். அதப் பாத்து நீங்க தனியா சிரிச்சுக்கினு இருந்தீங்க பாருங்க, அதுக்குத்தான் கம்ப்ளெயின்ட்."

முடிச்சூர் வீடு

தன் அப்பாவின் கத்தியைக் கொடுத்துவிடுவதாக முடிச்சூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்தார். அப்பா காலமாகிவிட்டார் என்று நானாக நினைத்துக்கொண்டேன். போனால், ஹாலில் கட்டிலில் படுத்திருக்கிறார். பேச்சு நின்று ஆறு மாதமாம். மகளையே அடையாளம் தெரியாதாம்.

2015 வெள்ளத்தில் அலமாரியே முழுகியும், எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்ததால் கத்தியில் துரு இல்லை. மெல்ல விரித்தேன். 'டிக்' என்று ஒரு சத்தம். கட்டிலில் இருந்தவர் கண்ணை மூடி, கன்னத்தை என் பக்கம் திருப்பி, மோவாயை உயர்த்திக் காட்டினார். காத்திருந்தார்.

 காபியோடு வந்த மகள் அப்படியே நின்றார். டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அப்பாவின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலேயே சொன்னார்:

"காபி குடிச்சிட்டுப் போங்க சார். கத்தி இங்கயே இருக்கட்டும்."

நாலு தையல்

அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கும் ஒருமுறை சவரம் செய்து பார்க்கத் தோன்றியது. அதுவரை கத்தியைப் பார்த்ததோடு சரி. ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடி முன் நின்றேன். வலிக்கவே இல்லை. சட்டை சிவந்த பிறகுதான் தெரிந்தது.

என் மனைவி ஸ்டெல்லா ஆட்டோ பிடித்து பீர்க்கன்கரணையில் ஒரு கிளினிக்குக்குக் கொண்டுபோனாள். தாடைக்குக் கீழே நாலு தையல். இளம் டாக்டர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "வீட்ல ஏதாவது பிரச்சனையா? எதுவா இருந்தாலும் சொல்லலாம்" என்றார். கட்டோடு என்னால் வாயைத் திறக்க முடியவில்லை. ஸ்டெல்லா சொன்னாள்:

"இருக்கு டாக்டர். முப்பத்தாறு பிரச்சனை. எல்லாம் பீரோவுல, என் பட்டுப்புடவைக்குக் கீழ."

தையல் பிரித்ததிலிருந்து தாடி வளர்க்கிறேன்; சவரக் கத்தி சேர்க்கிறவன் என்று சொன்னால் இனி ஒருத்தரும் நம்பப் போவதில்லை.