சேலைன் போத்தல் கொளுக்கி

என் கணவரின் காரில் ஒரு ஆணியை மாற்றுவதென்றாலும் எங்கள் வீட்டில் ஒரு கிழமைக்குக் கதை நடக்கும். பழைய மைனர் கார். இவருடைய தகப்பன் வாங்கியது, அவருக்குப் பிறகு இவருடைய கைக்கு வந்தது. கரம்பொன்னில் எங்கள் வீட்டுக் கூரை ஒழுகிய வருஷம் இவர் முதலில் கார் நின்ற கொட்டிலுக்குத்தான் புதுத் தகரம் போட்டார். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

அந்தக் காரில் திரும்பும் பக்கத்தைக் காட்ட லைற் இல்லை. கதவுக்குப் பக்கத்திலிருந்து சின்னத் தகட்டுக் கை ஒன்று வெளியே எழும்பும். நாலு தரத்துக்கு ஒரு தரம்தான் எழும்பும். பின்னால் வருகிற பஸ்காரன் ஹோர்ன் அடித்து ஏசுவான். இவர் தன் கையையும் வெளியே நீட்டுவாரே தவிர, லைற் பூட்ட மாட்டார். "உது ஒறிஜினல் இல்லையப்பா" என்பார். ரேடியோ கேட்டேன், ஒறிஜினல் இல்லை. போன் சார்ஜ் பண்ண ஒரு துளை கேட்டேன், அதுவும் இல்லை. நாரந்தனையில் கலியாணம் என்றால் மாப்பிள்ளைக்கு இந்தக் காரைத்தான் கேட்டு வருவார்கள். கதவுப் பிடியில் பூமாலையைக் கட்டவும் விடமாட்டார். பெயின்ற் கீறுமாம்.

இப்படிப்பட்டவரும் ஒரு காலம் அந்தக் காருக்கு மண்ணெண்ணெய் பருக்கினவர்தான். பெற்றோல் வராத சண்டைக்காலம். அப்போது யாழ்ப்பாணத்தில் எல்லாக் கார்களும் அப்படித்தான் ஓடின. ஒரு சேலைன் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் விட்டு, அதன் குழாயை எஞ்சினுக்குள் கொடுத்து, சொட்டுச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணவேண்டும். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். வழியில் நின்றுவிட்டால் திரும்பவும் போத்தல். சண்டை முடிந்து பாதை திறந்ததும், அந்த மாற்றங்களையெல்லாம் கழற்றி எறிவதற்கு இவருக்கு வருஷக்கணக்கு எடுத்தது. நீர்கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் பழைய சாமான்களைத் தேடித்தேடி எடுப்பித்தார். மண்ணெண்ணெய்க் காலத்தின் ஒரு தடயத்தையும் அவர் தெரிந்துகொண்டு விட்டுவைக்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

போன வருஷம் இவருடைய இடது காலில் ஒரு முள் குத்தியது. நீரிழிவுக்காரரின் காலில் குத்தின முள். முழங்காலுக்குக் கீழே எடுக்கவேண்டியதாகிவிட்டது.

ஆஸ்பத்திரியால் வந்தபிறகு அவர் கேற்றைத் தாண்டவில்லை. ஓட்டோவில் ஆட்கள் தூக்கி ஏற்றுவது அவருக்குப் பிடிக்கவில்லை. பின்னேரங்களில் சில்லுக் கதிரையில் கொட்டிலுக்குப் போய்க் காரைத் துடைப்பார். பிறகு என்னைக் கூப்பிடுவார். "இஞ்சேரும், ஒருக்கா ஸ்ராட் பண்ணும்." எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஏறி இருந்து, அவர் சொல்லுகிற மாதிரிக் கிளச்சை மிதித்துச் சாவியைத் திருப்புவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சின் சத்தத்தைக் கேட்பார். ஐந்து நிமிஷம் கழித்து, "காணும், நிப்பாட்டும்" என்பார். போதும் என்கிற அந்த "காணும்" எனக்குக் கேட்கவே பிடிக்காது. இந்த மனிசன் திரும்பவும் ஒரு நாள் தானாக இந்தக் கேற்றால் வெளியே போகவேண்டும், அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

ஊர்காவற்றுறையில் படகு எஞ்சின் திருத்துகிற ஒருவர், இவருடைய பழைய சிநேகிதர், ஒரு நாள் பார்க்க வந்தார். எல்லாவற்றையும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணை, மோட்டார் சைக்கிள் கிளச் பிடியொண்டைக் கியர்க் கம்பியில பூட்டி, அடியால ஒரு வயர் இழுத்து விடுறன். கிளச்சும் கையால, கியரும் கையால. பிரேக்குக்கு வலது கால் காணும்."

"தரையில துளை போடவேணுமே?"

"ரெண்டு துளை."

"அப்ப வேண்டாம்."

எனக்கு வாய் நிற்கவில்லை. "உங்கட காலையே வெட்டி எடுத்தாச்சு. காரில ரெண்டு துளை போட்டா என்ன வந்திடும்?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் கோபப்படவில்லை. "எனக்கு வெட்டினது காணுமப்பா. அதையும் ஏன் வெட்டுவான்?" என்றார்.

அடுத்த கிழமையே, கொழும்பிலிருந்து பல வருஷமாக இந்தக் காரைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பொடியனுக்கு அவராகவே போன் எடுத்தார். பழைய கார்களை ஒன்றும் மாற்றாமல் வைத்திருக்கிறவனாம். "அவன் நல்லாப் பாப்பான்" என்றார். நான் குசினிக்குள் போய்ச் சட்டி பானைகளோடு சண்டை பிடித்தேன். எனக்கு அந்தக் காரின்மேல் ஒரு நாளும் அன்பு இருந்ததில்லை. அது போய்விட்டால் இவர் கேற்றைத் தாண்டவே மாட்டார் என்ற பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை பொடியன் வந்தான். மரியாதையான பிள்ளை. வெள்ளைச் சேட்டோடு காருக்குக் கீழே படுத்துப் பார்த்தான். ஒவ்வொரு ஆணியையும் தடவினான். இவர் பக்கத்தில் இருந்து, பெண் பார்க்க வந்தவர்களுக்குத் தகப்பன் சொல்லுகிற மாதிரி எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பொடியன் காருக்குள் ஏறி இருந்தான். முன்கண்ணாடிக்கு மேலே, இடது பக்கத்தில், வளைத்து ஒட்டியிருந்த ஒரு சின்னக் கம்பிக் கொளுக்கியில் அவன் கை பட்டது.

"அங்கிள், இது மட்டும் கம்பனி வேலை இல்லையே. பரவாயில்லை, நான் வெட்டி எடுத்துப் பெயின்ட் அடிச்சிடுறேன்."

"அதை வெட்ட ஏலாது, தம்பி."

"அடையாளமே தெரியாது, அங்கிள்."

"அதுதான் சொல்லுறன். அடையாளம் தெரியவேணும்."

நான் தேத்தண்ணித் தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

அந்த மண்ணெண்ணெய்க் காலத்தில், எங்கள் தீவை விட்டு இடம்பெயர்ந்து சண்டிலிப்பாயில் இருந்தபோது எனக்குப் பிள்ளைப்பேற்று வயிற்றுக்குத்துத் தொடங்கியது. காலைநேரம். காரில் யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டோம். றோட்டெல்லாம் குழி. முதல் குழியிலேயே போத்தலைக் கட்டியிருந்த கயிறு அறுந்தது. எஞ்சின் மண்ணெண்ணெயைப் பிடிக்காமல் நின்று நின்று போனது. வேறு வழியில்லாமல் போத்தலை நான் கையில் உயர்த்திப் பிடித்தேன். குத்து வரும்போது கை தாழும், கை தாழ்ந்தால் எஞ்சின் இருமும். இவர் "கை, கை" என்று கத்துவார். பிள்ளை பெறப் போகிறவளைப் பார்த்து ஒரு மனிசன் கத்துகிற கத்தலா அது? ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, வியர்த்த முகத்தோடு என்னிடம் கேட்டார், "கை நோகுதோ?" அத்தனை நோவுக்குள்ளும் அவர் கேட்டது அதை. அந்தப் போத்தலாலேயே அவருடைய மண்டையைப் பிளந்திருப்பேன்.

மூன்றாம் நாள் மகளோடு வீட்டுக்குத் திரும்பக் காரில் ஏறியபோது கொளுக்கி இருந்தது. "இனி உமக்குக் கை நோகாது" என்றார். "இனி உங்களுக்குப் பிள்ளையும் இல்லை" என்றேன். அப்படியே ஆகியும் விட்டது.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் அந்தக் கொளுக்கியில் என் கைப்பையைத்தான் கொழுவினேன். அதைக் கழற்ற மறந்துவிட்டார் என்றே நினைத்திருந்தேன். காரில் எதையும் மறக்கிற ஆள் அவர் இல்லை என்பது எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. தட்டைக் கொண்டுபோய்ப் பொடியனுக்கு முன்னால் வைத்தேன்.

"தேத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போங்கோ, தம்பி. கார் குடுக்கேல்லை. குறை நினையாதேங்கோ" என்றார் இவர். பிறகு என் பக்கம் திரும்பினார். "ஊர்காவற்றுறையானுக்கு ஒருக்காப் போன் எடும். அந்த ரெண்டு துளையையும் வந்து போடட்டும்."

படகு எஞ்சின்காரர் வந்து வேலையை முடிக்க இரண்டு நாள் எடுத்தது. துளை போடும்போது இவர் கிணற்றடிக்குப் போய் மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலை தன் கையாலேயே சாவியைத் திருப்பினார். நான் இடது பக்கம் ஏறிக் கைப்பையைக் கொளுக்கியில் கொழுவினேன். கார் கேற்றைத் தாண்டியபோது நான் அழுதேன். அவர் பார்க்காத மாதிரி இருந்தார்.

எங்கே போகிறோம் என்று சொல்லவில்லை. வேலணை கழிந்து, கடலுக்கு நடுவே புங்குடுதீவுக்குப் போகிற றோட்டில் ஏறினோம். அங்கேதான் அவருடைய கை களைத்தது. பிடி இறுக்கம், ஒரு கையால் முழுதாக அமர்த்த முடியவில்லை. கியர் கரகரத்தது. நான் என் வலது கையை அவருடைய கைக்கு மேலே வைத்து அமர்த்தினேன். கியர் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் தலையை ஆட்டினால் நான் அமர்த்துவேன். அப்படியே குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும் போய், நயினாதீவுப் படகு புறப்படுவதைக் காருக்குள் இருந்தே பார்த்துவிட்டுத் திரும்பி வந்தோம்.

அடுத்த நாள் படகு எஞ்சின்காரர் இன்னொரு பிடியோடு வந்தார். "இது நீளம் கூட, அண்ணை. லேசா அமரும். அக்காவின்ர கை தேவைப்படாது."

இவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு திரும்பக் கொடுத்தார்.

"வேண்டாம். இருக்கிறபடி இருக்கட்டும்."

"உங்கட ஒறிஜினல் விசர் இன்னும் போகேல்லை" என்று சிரித்துக்கொண்டே அவர் போனார்.

அவர் போன பிறகு, இவர் காரைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"கை நோகுதோ?"

மணிக்கட்டு நோகத்தான் செய்தது. "இல்லை" என்றேன்.