நாற்பது நிமிடக்காரர்

அலுவலகக் கிடங்குப் பொறுப்பாளருக்கு முதுகுக்குப் பின்னால் வழங்கிய பெயர் 'நாற்பது நிமிடம்'. மடிக்கணினிக்குப் புது பேட்டரி கேட்டு யார் வந்தாலும், சார்ஜரைப் பிடுங்கிவிட்டு எதிரே உட்கார வைப்பார். நாற்பது நிமிடத்துக்குள் கணினி அணைந்தால் பேட்டரி உண்டு. தாண்டினால் நடையைக் கட்ட வேண்டியதுதான். விதியை எழுதியவரும் அவரே. பெற்ற பிள்ளையைக்கூட அப்படிச் சீராட்டியிருக்க மாட்டார்.

வீடு வீடாகப் போய்க் கணக்கெடுக்கும் அக்காவின் கணினி நாற்பத்தோராவது நிமிடத்தில் கண்ணை மூடியது.

"ஒரு நிமிஷம்தானே சார்?"

"ஒரு நிமிஷம்னாலும் விதி விதிதாம்மா."

அன்று முதல் அக்கா எந்த வீட்டுக்குப் போனாலும் பிளக் எங்கே என்று கேட்டுவிட்டுத்தான் பெயரைக் கேட்டார்.

காலம் சும்மா இருக்குமா? பொறுப்பாளரின் பேட்டரியும் தள்ளாட ஆரம்பித்தது. அதே வாரம் இயக்குநர் கிடங்கைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. அவர் கண்ணெதிரே சரக்கை எண்ணிக் கணினியில் ஏற்றிக் காட்டினால் பதவி உயர்வு நிச்சயம். பதினோரு வருடமாக அதற்காக நாயாய் உழைத்தவர். ஆனால் கிடங்கு இருப்பது நிலவறையில். அங்கே பிளக் கிடையாது.

தானும் விண்ணப்பித்தார். சோதனைக்குச் சாட்சி வேண்டும் என்பதும் விதி. அக்கா சந்தோஷமாக வந்து உட்கார்ந்தார். முப்பத்தைந்தாவது நிமிடத்தில் பொறுப்பாளரின் விரல் மெல்ல ஒரு பொத்தானை நோக்கி ஊர்ந்தது.

"வெளிச்சத்தக் கூட்டக் கூடாது சார். அஞ்சாவது விதி."

"தெரியும். தூசி தட்டினேன்."

நாற்பத்திரண்டில் அணைந்தது. மனிதர் நேர்மையானவர், பாவம். தன் விண்ணப்பத்தைத் தானே நிராகரித்துக் கையெழுத்தும் போட்டார்.

நாற்பத்திரண்டு நிமிடத்துக்குள் எண்ணி முடித்துவிடலாம் என்று மனக்கோட்டை கட்டிக்கொண்டு மறுநாள் இயக்குநரோடு நிலவறைக்கு இறங்கினார். நாற்காலி, மின்விசிறி, காகிதக்கட்டு எல்லாம் மளமளவென்று ஏறின. மிச்சம் கடைசி அலமாரி மட்டும். அவர் யாருக்கும் கொடுக்காமல் காப்பாற்றிய பேட்டரிகள், உறை பிரிக்காமல், கூரை முட்ட அடுக்கியிருந்தன.

"நூத்திப் பன்னெண்டு சார்" என்று பெருமையோடு எண்ணைத் தட்டப் போனார். திரை இருண்டது.

இயக்குநர் அலமாரியைப் பார்த்தார். "இதுல ஒண்ண எடுத்து மாட்ட வேண்டியதுதானே?"

"நேத்து கேட்டேன் சார். கிடைக்கல."

"யாரு தரமாட்டேன்னது?"

பொறுப்பாளர் இருண்ட திரையைத் தூசி தட்டினார். இயக்குநர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பி, அதில் போட்டிருந்த தேதியைப் படித்தார்.

"யாரா இருந்தா என்ன, விடுங்க. இது கெட்டுப்போயி மூணு வருஷம் ஆச்சு."