போர்வைமேல் பத்து பந்து

மழை நின்ற காலையில் டென்னிஸ் பந்து வேறு மாதிரி சத்தம் போடும். டப் என்று துள்ளாது... தொப்பென்று விழும். அப்படி ஒரு காலையில்தான் நானும் சூசனும் முதல் சுற்றிலேயே தோற்றோம்.

அலுவலகங்களுக்கு இடையிலான இரட்டையர் போட்டி. வேலைக்குச் சேர்ந்த பிறகே ராக்கெட்டைத் தொட்டவள் நான். அப்போது முப்பத்தொரு வயது. சூசன் தமிழும் மலையாளமும் கலந்து பேசும் பாறசாலைக்காரி, ஆபீஸில் பக்கத்து மேஜை. எதிரணி பத்தே நிமிடத்தில் என் பேக்ஹேண்டின் லட்சணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. எல்லாப் பந்தும் அங்கேயே வந்தது. பாதியை வலையில் அடித்தேன், மீதியை வேலிக்கம்பியில்.

ஷூ நாடாவை அவிழ்த்துக்கொண்டே சூசன் சொன்னாள்:
"வெஷமிக்காதே, சங்கடப்படாதே, கேட்டியா... அடுத்த வருஷம் நான் வேற ஆளைப் பாக்கேன்."

கோபமாகச் சொல்லியிருக்கலாம். அன்பாகச் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

"ஓணம் வரைக்கும் டைம் தா" என்றேன்.

மறுநாளிலிருந்து காலை ஐந்தரைக்குக் கோர்ட். எதிர்ப்பக்க மூலையில் ஒரு பழைய போர்வையை விரித்தேன். வலையருகே நின்று பந்து போட என் கணவர். எங்கள் வீடிருந்த ஸ்ரீவராகத்திலிருந்து ஸ்கூட்டரில் கொட்டாவி விட்டபடி வருவார். டென்னிஸில் ஒன்றும் தெரியாது. நான் வைத்த விதி ஒன்றே ஒன்று. பேக்ஹேண்டில் அடித்து, தொடர்ந்து பத்து பந்து போர்வையில் விழ வேண்டும். ஒன்று தவறினாலும் மறுபடி முதலிலிருந்து.

ஐந்து வாரம்... மூன்றைத் தாண்டவில்லை.

ஒருநாள் ராக்கெட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவர் மெல்ல வந்தார்.

"ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே? நீ பந்தைப் பாக்கறதே இல்ல. போர்வையைப் பாத்துண்டே அடிக்கறே."

எனக்குச் சுரீரென்றது. உண்மைதான்!

அன்று மாலையே ஸ்கெட்ச் பேனாவால் ஒவ்வொரு பந்திலும் பெரிதாக எண் எழுதினோம். பந்து வரும்போது எண்ணைப் படித்துக் கத்த வேண்டும், பிறகுதான் அடி. வேகத்தையும் பாதியாகக் குறைத்தேன். "நாலு!" "ஏழு!" என்று நான் கத்த, வாக்கிங் வந்தவர்கள் நின்று சிரித்தார்கள். சிரிக்கட்டும். போர்வைப் பக்கம் நான் திரும்பவே மாட்டேன். பந்து எங்கே விழுந்தது என்று அவர்தான் சொல்வார்.

"ஆச்சு... ஆச்சு... போச்சு."

ஓணத்துக்கு முந்தைய சனிக்கிழமை, பத்து "ஆச்சு". இருவரும் கோர்ட்டிலேயே கை தட்டிக்கொண்டோம்.

சூசன் வந்து இருபது நிமிடம் என் பேக்ஹேண்டுக்கே அடித்துப் பார்த்தாள். அடுத்த போட்டிக்கான படிவத்தில் எங்கள் இரண்டு பேரையும் அவளே எழுதினாள்.

அந்த முறை அரையிறுதியில் தோற்றோம். ஆனால் பாதி ஆட்டத்தில் எதிரணி என்னை விட்டுவிட்டு அவளைக் குறிவைக்கத் தொடங்கியது.

"எடீ, இப்ப எல்லாம் எனக்கில்லா வருது!" என்று மூச்சு வாங்கக் கத்தினாள் சூசன். கோப்பை வாங்கியிருந்தால்கூட அவ்வளவு சந்தோஷம் இருந்திருக்காது.

இப்போது கோர்ட்டுக்கு வருகிறவர்கள் வேலியில் போனை மாட்டி, ஸ்லோ மோஷனில் தப்பைப் பார்த்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு ஐந்து வாரம் பிடித்தது, அவர்களுக்கு ஐந்து நிமிடம். நல்லதுதான்... ஆனால் தெரிந்த பிறகு அடித்துத் தீர்க்க வேண்டிய பந்துகள் மட்டும் குறையவே இல்லை.

எனக்கு ஐம்பத்திரண்டு ஆகிறது. முழங்கால் வலிக்கிறது, சர்வீஸ் இன்னும் சரியில்லை.

நாளைக் காலை போகிறேன்.