ஜீப்பில் ஏற்றி அனுப்பியவள்

இந்த நாட்டில் பிள்ளை பெறுவதற்கு முன் கட்டிலை உயர்த்துகிறார்கள். நெதர்லாந்துக்கு வந்த மூன்றாவது வருடம், எனக்கு எட்டாம் மாதம் நடக்கையில், மரீக்கா என்கிற மருத்துவச்சி வீட்டுக்கு வந்து கட்டில் கால்களுக்கு அடியில் இரும்புக் கட்டைகள் வைக்கச் சொன்னாள். குனிந்து குனிந்து அவளுக்கு முதுகு பிடித்துக்கொள்ளக் கூடாதாம். மாடிப்படியில் ஸ்ட்ரெச்சர் திரும்புமா என்று பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடம் என்று எழுதிக்கொண்டாள். அதற்கு முன்பே ஒருநாள், "வீட்டிலா, ஆஸ்பத்திரியிலா, எங்கே பெற்றுக்கொள்ள விருப்பம்?" என்று அவள் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. என் நிறத்தைப் பார்த்து, ஆஸ்பத்திரிக்குக் காசில்லாதவள் என்றுதான் இப்படிக் கேட்கிறாளோ என்று, "எனக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்றேன் வெடுக்கென்று. அவள் திருதிருவென விழித்தாள். "எல்லாரையும் கேட்பதுதான்" என்றாள்.

என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நானும் யாரையும் கேட்டதில்லை. நீலகிரியில் கட்டபெட்டுப் பக்கம் ஏழு வருடம் கிராம சுகாதார நர்ஸாக இருந்தவள் நான். வீட்டில் பிரசவம் என்று யாராவது வாயெடுத்தால் சாமி வந்ததுபோல் ஆடுவேன். தேயிலை எஸ்டேட் லைன் வீட்டில் செல்வி என்று ஒருத்தி, இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்டு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நர்சம்மா, ஊட்லயே பெத்துக்கறனுங்க. போன தடவ ஆஸ்பத்திரில..."

"போன தடவக் கதையெல்லாம் எனக்கு வேண்டாம். கொழந்தைக்கு பர்த் சர்டிபிகேட் கிடைக்காது, ரேஷன் கார்டுல பேர் ஏறாது. ஏறு ஜீப்புல!"

சர்டிபிகேட் விஷயம் பச்சைப் பொய். தெரிந்தே சொன்னேன். ஜீப் போனது, நான் அடுத்த லைனுக்குத் தடுப்பூசி போடப் போய்விட்டேன். ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தப்போக்கு நிற்காமல், டாக்டர்கள் பாடுபட்டுக் காப்பாற்றினார்கள். வீட்டில் என்றால் செத்திருப்பாள். ஆகவே நான் செய்தது மொத்தமும் சரி என்று இத்தனை காலம் நிம்மதியாக இருந்தேன்.

அப்படிப்பட்ட நான் வீட்டில் பெற்றுக்கொண்டேன். ஊரில் இதைப் படிக்கிறவர்கள் காறித் துப்பினாலும் சரி, உண்மை அதுதான். மரீக்கா ஒருநாள், "உனக்கு எதற்குப் பயம்?" என்று கேட்டாள். "கத்தினால் திட்டுவார்கள்" என்று என்னையறியாமல் வாயில் வந்துவிட்டது. "யார்?" என்றாள். பயிற்சிக் காலத்தில் பிரசவ வார்டில் கத்திய பெண்களை நானே அதட்டியிருக்கிறேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது? வலி எடுத்த நேரத்திலிருந்து பிள்ளை பால் குடிக்கும்வரை அவள் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

பிள்ளை பிறந்த பத்தாம் நாள் செல்வி வீடியோ காலில் வந்தாள். குழந்தையைக் கொஞ்சிவிட்டு, "ஏனுங்க நர்சம்மா, எந்த ஆஸ்பத்திரிங்க?" என்றாள். எங்கள் வீட்டுத் திரைச்சீலை தெரியாதபடி போனைத் திருப்பிக்கொண்டு, "பெரிய ஆஸ்பத்திரிதான்" என்றேன். வெட்கம் கெட்டவள்.

"உங்களையும் அடிச்சாங்களா?"

"அடிக்கறதா? இல்லையே."

"எனக்கு மொதப் பிரசவத்துல தொடையில அடிச்சாங்க. கத்தாதேன்னு. அன்னிக்கு அதத்தானுங்க சொல்ல வந்தேன்."

கோபமே இல்லாமல் சொன்னாள். என் முகத்தை அந்தச் சின்னத் திரையிலிருந்து எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவளே பேச்சை மாற்றி, தங்கை மகேசு மாசமாக இருப்பதையும், வீட்டில்தான் பெறுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்பதையும் சொன்னாள். "நான் சொன்னாக் கேக்க மாட்டீங்கறா. நீங்க சொல்லுங்க" என்று போனை அவளிடம் கொடுத்தாள்.

வீட்டில் பெற்றுக்கொள் என்று நான் எப்படிச் சொல்வேன்? இங்கே வாசலில் தார் ரோடு, பத்து நிமிடத்தில் ஆபரேஷன் தியேட்டர். அங்கே மழை பெய்தால் ஜீப்பே ஏறாது. எனவே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றேன். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாக, "எதுக்கு பயப்படறே மகேசு?" என்று கேட்டேன்.

அவள் போனோடு வாசலுக்கு வந்தாள்.

"உள்ளே தனியா உட்டுருவாங்களாமா. அதானுங்க. நீங்க கூட நிப்பீங்கன்னா போறேன். வருவீங்களா?"

எனக்குப் பின்னால் மகள் விழித்துக்கொண்டு வீறிட்டாள். மார்பில் பால் சுரந்து சட்டை நனைந்தது. திரையில் மகேசு காத்திருந்தாள்.

"பாப்பா அழுவுதுங்க நர்சம்மா" என்றாள் கடைசியில். "போய்ப் பாருங்க." அவளே போனை வைத்துவிட்டாள்.