யப்பானிலிருந்து வந்த கை

போன கிழமை இந்தப் பத்தி வரவில்லை. ‘அக்காவுக்குக் காய்ச்சலோ?’ என்று சுன்னாகம் சந்தையில் ஒருவர் கேட்டார். காய்ச்சல் இல்லை. எழுத உட்கார்ந்து நாலு தாளைக் கிழித்துப் போட்டேன்… அவ்வளவுதான்.

நடந்ததைச் சொல்கிறேன். எந்த இடம், எந்தக் காவலரண் என்று மட்டும் கேட்காதீர்கள். ஏன் என்று உங்களுக்கே தெரியும்.

என் தம்பி தயாபரன் யப்பானுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்திருக்கிறான். கார் தொழிற்சாலைகளில் ரோபோக்களுக்கு வேலை பழக்குகிற படிப்பு. தான் படிப்பிக்கிற தொழில்நுட்ப நிலையத்துக்கென்று ஒரு சின்ன ரோபோக் கையையும் கொண்டுவந்தான். மேசையில் வைக்கிற அளவு. தோள், முழங்கை, மணிக்கட்டு எல்லாம் உண்டு. விரல் மட்டும் இரண்டு – குறடு மாதிரி. கூடவே ஒரு கொம்பியூட்டர், ஒரு திரை, கையில் பிடிக்கிற ஒரு பொத்தான் பெட்டி.

கொழும்பில் தங்கியிருந்த வீட்டில் போட்டுக் காட்டினான். திரையில் கோடு கோடாய் அந்தக் கையின் உருவம். அதற்குக் கீழே சின்னச் சின்னப் படங்கள் – விரித்த கை, பொத்திய கை, மேலே போகிற அம்பு, கீழே போகிற அம்பு. வேண்டிய படங்களைப் பொத்தானால் எடுத்து வரிசையாக அடுக்கவேண்டும். கை அதே வரிசையில் வேலை செய்யும்.

“இங்கிலீசும் தேவையில்லை, கணக்கும் தேவையில்லை அக்கா. படம் பாக்கத் தெரிஞ்சால் காணும்” என்றான்.

அடுத்த நாள் வான் பிடித்து ஊருக்கு வெளிக்கிட்டோம். நான் எதற்குத் துணை? எனக்குச் சிங்களம் தெரியும். எண்பத்துமூன்று கலவரம் வரைக்கும் கொழும்பில் கந்தோர் வேலை செய்தவள்.

வழியில் ஒரு இராணுவக் காவலரணில் மறித்தார்கள். பெட்டியைத் திறந்த சிப்பாய் அப்படியே பின்னுக்குப் போனான். அவனைக் குறைசொல்ல முடியுமா? வயர், மோட்டர், பொத்தான்…

“இது என்ன?” என்றார் ஒரு இளம் அதிகாரி.

தம்பி பதற்றத்தில் இங்கிலீசில் தொடங்கிவிட்டான். தான் ‘ட்ரெயினிங்’ எடுக்க வெளிநாடு போனதாம். இனி இங்கே பெடியங்களுக்கு ‘ட்ரெயினிங்’ கொடுக்கப்போகிறானாம். அந்தப் பெட்டி ஒரு ‘ரிமோட்’ மாதிரியாம்.

இந்த நாட்களில் ஒரு தமிழ் இளைஞனின் வாயிலிருந்து வரக்கூடாத சொற்கள் எவை எவையோ, அவற்றையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிமுடித்துவிட்டான்!

தம்பியின் முதுகில் துவக்கு முனை. வான் சாரதியை றோட்டில் முழங்காலில் இருத்தினார்கள்.

“மாத்தயா, இது தொழிற்சாலைச் சாமான். கோப்பை தூக்கும், வைக்கும். வேறொன்றும் செய்யாது” என்று நான் சிங்களத்தில் கெஞ்சினேன்.

“அப்படியென்றால் வேலை செய்யவைத்துக் காட்டு.”

காவலரணின் ஜெனரேற்றரிலிருந்து வயர் இழுத்து வந்தார்கள். ஒரு மரப்பெட்டியின் மேல் எல்லாவற்றையும் தம்பியே பூட்டினான். பூட்டும்போது மெல்லச் சொன்னான்:

“அக்கா, சுவிச்சைப் போட்ட உடனை கை ஒருக்காத் தானாத் துள்ளி, பிறகுதான் நிக்கும். அவையிட்டை முதல்லையே சொல்லிப்போடுங்கோ. இல்லாட்டிச் சுட்டுப்போடுவங்கள்.”

என் சிங்களம் கந்தோர்ச் சிங்களம். லீவு, சம்பளம், இடமாற்றம்… தானாகத் துள்ளுவதை எப்படிச் சொல்வது? சரியான சொல் கிடைத்தாலும் சொல்லலாமா? சுவிச் போட்டதும் துள்ளுகிற சாமான் என்றால் அவர்களுக்கு ஞாபகம் வருவது ஒன்றுதானே!

சொல்லை விட்டேன். என் கையையே மடித்து, வெடுக்கென்று நிமிர்த்திக் காட்டினேன். “பய வென்ட எப்பா” – பயப்படவேண்டாம் – என்றேன். சொன்ன எனக்குப் பல் கிடுகிடுத்தது.

அதிகாரி தம்பியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“அவன் தொடக்கூடாது. நீ போடு.”

தம்பியையும் சாரதியையும் தூர இழுத்துக்கொண்டு போனார்கள். எல்லாரும் மண்மூட்டைக்குப் பின்னால். வெளியில் நானும் அந்தக் கையும் மட்டும். தெரிந்த தெய்வங்களையெல்லாம் கூப்பிட்டேன். சுவிச்சை அழுத்தினேன்.

கை துள்ளியது. மண்மூட்டைக்குப் பின்னால் ‘கிளிக்’ என்று ஒரு சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டேன்…

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்தால் கை நிமிர்ந்து நிற்கிறது.

ஒரு தகரக் கோப்பையை யாரோ உருட்டிவிட்டார்கள். அதைத் தூக்கிக் காட்டவேண்டுமாம். எடுத்து மரப்பெட்டியில் கைக்கு நேர் கீழே வைத்தேன். படங்களை அடுக்கினேன். அவசரத்தில் பொத்திய கையை முதலிலும் கீழ் அம்பை அதற்குப் பிறகும் போட்டுவிட்டேன். கை பொத்திக்கொண்டே இறங்கிக் கோப்பையில் ஒரு குத்து! அது தார் றோட்டில் கணகணவென்று உருண்டது. துவக்குகள் நிமிர்ந்தன.

“விரிச்ச கை முதல், அக்கா! பிறகு கீழை, பிறகு பொத்து!” தம்பி கத்தினான். தமிழில் கத்தியதற்கு அவன் பிடரியில் ஒரு அடி விழுந்தது.

திரும்ப வைத்தேன். விரித்த கை. கீழே. பொத்திய கை. மேலே. கோப்பை எழும்பியது.

அதிகாரி கிட்ட வந்து திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகக் கேட்டார்:

“இது துவக்குப் பிடிக்குமா?”

தம்பியிடம் கேட்டேன். “ஒரு சோடாப் போத்திலையே ஒழுங்காத் தூக்காது எண்டு சொல்லுங்கோ.” சொன்னேன். அதிகாரி தன் கையை அசைத்துப் போகச் சொன்னார்.

அதோடு முடிந்தது என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மானிப்பாயில் எங்கள் வீட்டுப் படலையில் சைக்கிள் மணி. இரண்டு பெடியள். எந்த இயக்கம் என்றும் கேட்காதீர்கள். நல்ல மரியாதை.

“அண்ணை, நீங்கள் வெளிநாட்டிலையிருந்து ஒரு கை கொண்டுவந்திருக்கிறியளாம்? தூரத்திலையிருந்து இயக்கலாமோ? எவ்வளவு பாரம் தூக்கும்?”

“ஒரு சோடாப் போத்திலும் தூக்காது தம்பியவை.”

“ஓம் அண்ணை. பிறகு வாறம்.”

எங்கள் ஊரில் விடைபெறும்போது எல்லாரும் சொல்வதுதான். அன்றைக்கு மட்டும் ஏன் எனக்கு வியர்த்தது?

அந்தச் சாமானைக் கிணற்றில் போடு என்று தம்பியிடம் சொன்னேன். அவன் கேட்கவில்லை. “வகுப்புப் பிள்ளையள் எப்ப வரும் எண்டு பாத்துக்கொண்டிருக்கினம் அக்கா” என்றான். திங்கட்கிழமை கொண்டுபோய் வகுப்பைத் தொடங்கிவிட்டான்.

படத்தை அடுக்கினால் இயந்திரம் சொன்னபடி கேட்கிறது. அதற்கு என்ன தெரியும், யார் அடுக்குகிறார்கள் என்று? எனக்கு இயந்திரத்தில் பயமில்லை. அது எவ்வளவு பாரம் தூக்கும் என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்களில்தான் பயம். தம்பி நல்லதைப் படிப்பிக்கிறான் என்பதை யார் வந்து பார்க்கப்போகிறார்கள்?

நேற்று அவன் வகுப்பு முடிந்து வரச் சுணங்கிவிட்டது. நான் படலைக்கும் வாசலுக்குமாய் நடந்து களைத்தபிறகு, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். ரயர் காற்றுப் போய்விட்டதாம்.

காற்றுப் போனது சைக்கிளுக்கு மட்டுமா?