ஆடி மாதத்து மஞ்சள் கோடு

வனமாமலை ஒரு ஷிஃப்டில் ஓட்டும் பைக்குகளை வரிசையாக நிறுத்தினால் ஒரகடம் கூட்டுரோடு அடைத்துக்கொள்ளும். ஆனால் அவன் ஓர் அங்குலம் நகர்ந்ததில்லை. பைக் செய்யும் கம்பெனியில் அவனுக்கு ரோலர் டெஸ்ட் வேலை. புது வண்டியைத் தரையில் பதித்த உருளைகளின் மேல் ஏற்றி, கியர் போட்டு முறுக்குவான். சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், முள் எண்பதைத் தொடும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். எதிரே ஒரு பெரிய ஃபேன் முகத்தில் காற்றடிக்கும். அந்தக் காற்றில்தான் அவன் பிள்ளைப்பாக்கம் போய் வருவான்.

பிள்ளைப்பாக்கத்தில் ஒரு மாடி வீடு காத்திருந்தது. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியும் அவன் ஒரகடத்தில் ஆண்கள் ஹாஸ்டலில், மனைவி உலகம்மாள் ஸ்ரீபெரும்புதூரில் பெண்கள் ஹாஸ்டலில். ஞாயிற்றுக்கிழமை பஸ் நிலையத்தில் வீட்டுக்குத் தெரியாமல் காதலிப்பவர்களைப் போலச் சந்தித்துக்கொள்வார்கள். இரண்டு ஊருக்கும் நடுவே இருந்தது அந்த வீடு. உலகம்மாளின் கம்பெனி பஸ் அங்கே நிற்கும். அவனுடையது நிற்காது, அவன் பைக்கில்தான் போய்வர வேண்டும். ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தம் வரை வைத்திருக்கிறேன், அதற்குப் பிறகு கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்கார சந்திரம்மாள் சொல்லிவிட்டாள்.

எண்பதில் பறக்கும் வனமாமலைக்கு, நகரும் சாலை என்றால் நடுக்கம். போன வருஷம் ஒரு டிரெய்லர் லாரி, உரசக்கூட இல்லை, வெறும் காற்றாலேயே அவனைத் தள்ளிவிட்டது. அவன் மண்ணில் விழுந்தான், சாப்பாட்டு டப்பா தாரில் விழுந்தது. பின்னால் வந்தவை அதை அப்பளமாக்குவதை உட்கார்ந்து பார்த்தான். அன்றிலிருந்து அவன் பைக் ஹாஸ்டல் படிக்கட்டுக்கு அடியில் பழைய போர்வைக்குள் தூங்குகிறது.

நெடுஞ்சாலை எல்லாருக்கும் பொது என்பார்கள். பொதுப் பந்தியில் யாருக்கு முதலில் இலை விழும் என்பது நமக்குத் தெரியாததல்ல. காருக்கு வேகத்தடம் உண்டு, பஸ்ஸுக்கு நிறுத்தம் உண்டு, நடப்பவனுக்கு நடைபாதை என்றொரு வதந்தியாவது உண்டு. பைக்காரனுக்கு மிச்சம் உண்டு. மிச்சம் எவ்வளவு என்பதை அன்றன்றைக்கு லாரி முடிவு செய்யும்.

ஆடி பிறந்து கொஞ்ச நாளில், ஒரு காலை, சாலையின் இரண்டு ஓரங்களிலும், ஓரத்துக்கு இரண்டாக, மஞ்சள் கோடுகள் கிடந்தன. இரண்டு கோட்டுக்கு நடுவே ஒரு பைக் தாராளமாகப் போகும். யார் போட்டது, எதற்குப் போட்டது என்று யாருக்கும் தெரியாது. வேறு ஊராக இருந்தால் அதன்மேல் இளநீர்க் கடை போட்டிருப்பார்கள். இங்கே காலை ஷிஃப்டுக்கு வந்த கூட்டம் ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே நுழைந்தது. மஞ்சள் கோட்டுக்குள் நட, கோட்டுக்குள் இருக்கும்வரை சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் உன்னைத் தொடாது என்று வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே தலையில் ஏற்றப்பட்ட கூட்டம் அது. ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். யாரும் யாரையும் முந்தவில்லை. கம்பெனி ஷெட்டுக்குள் முந்தினால் மெமோ.

லாரிகளும் ஒதுங்கித்தான் போயின. டிரெய்லர் ஓட்டும் யாக்கோபுவிடம் டீக்கடையில் காரணம் கேட்டபோது அவர் வெட்கப்பட்டார்.

"அந்தக் கோட்டப் பாத்தா காலு தானா பிரேக்குக்குப் போவுதுபா. கம்பெனி யார்டுல கோட்ட மிதிச்சா கேட் பாஸப் புடுங்கிடுவானுங்க. இங்க எவன் பாத்துகினு கீறானோ, நமக்கு இன்னாத்துக்கு வம்பு?"

தனித்தடம் வேண்டுமா வேண்டாமா என்று மாநாடு கூட்டி, ஏலக்காய் டீ குடித்து யோசிக்க வேண்டிய விஷயத்தை ஒரு பெயிண்ட் டப்பா முடித்து வைத்துவிட்டது.

கம்பெனி பஸ் ஜன்னலிலிருந்து வனமாமலை பல நாள் அதைப் பார்த்துக்கொண்டே வந்தான். வார விடுமுறையன்று போர்வையை எடுத்தான்.

கோட்டுக்குள் போனபோது கொஞ்ச நேரம் ரோலரில் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றியது. அதே காற்று, கைப்பிடியில் அதே அதிர்வு. ஆனால் இங்கே ஏரி வந்தது, போனது. கொக்குகள் எழுந்து திரும்ப உட்கார்ந்தன. கம்பெனிச் சுவர்கள் கப்பல்களைப் போல மெல்லப் பின்னால் மிதந்தன. வலப்பக்கம் டிரெய்லர்கள் ஏதோ வேறு ஊரின் சத்தத்தோடு, வேறு ஒரு சாலையில் போவதைப் போலப் போயின. பிள்ளைப்பாக்கத்தில் இறங்கி அந்த மாடியையே பார்த்துக்கொண்டு நின்றான். உலகம்மாளோடு மட்டுமே பேசிப் பழகிய சந்திரம்மாள் எட்டிப் பார்த்து, யாருப்பா, கேபிள் டிவியா என்று விசாரித்தாள்.

விஷயம் அடுத்த வாரம் உடைந்தது. அளவுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு வந்த கோதண்டராமன், பூமிக்கடியில் கேபிள் புதைக்கும் ஒரு கான்ட்ராக்டரின் ஆள். தன் கோட்டுக்குள் ஊரே ஓடுவதைப் பார்த்துக் கதிகலங்கிப் போனார்.

"சுண்ணாம்பு போட்டா மழையில போயிடுதேன்னு பெயிண்டு அடிச்சேன். பள்ளம் தோண்ட வெச்ச அளவு சார் இது. நீங்கள்லாம் ஏன் சார் உள்ள போறீங்க?"

 கோட்டை விட்டுவிட்டுத் தள்ளித் தோண்டக் கூடாதா என்று சிலர் கெஞ்சிப் பார்த்தார்கள். பிளானில் அப்படி ஒரு தடமே இல்லை என்றார். இரண்டே நாளில் ஜேசிபி வந்து கோட்டை மண்ணோடு அள்ளிக் குவித்தது.

வனமாமலை போர்வையைத் திரும்பப் போர்த்தினான். ஆவணி பிறந்திருந்தது. வீடு வேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று தயங்கித் தயங்கி போனில் கேட்டான். உலகம்மாள் முழுவதும் கேட்டுக்கொண்டாள்.

"கோடு போட்டவனா வந்து நமக்குப் பால் காய்ச்சப் போறான்? நான் ஹாஸ்டல் கட்டில ஒழிச்சுக் குடுத்துட்டேன். நீங்களும் குடுத்துட்டு வந்துருங்க. பயப்படுததா இருந்தா வீட்ல இருந்து பயப்படுங்க."

ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்தில் குடிபோனார்கள். குத்துவிளக்கு, உப்பு, பாய், தலையணையோடு அவன் பைக்கும் லோடு ஆட்டோவில் கயிறு கட்டிக்கொண்டு ஒரு பயணியைப் போல வந்து இறங்கியது. பால் பொங்கியது. சந்திரம்மாள் அவனை இன்னொரு முறை உற்றுப் பார்த்துவிட்டு ஒரு டம்ளர் வாங்கிக் குடித்தாள்.

திங்கட்கிழமை காலை உலகம்மாள் தன் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டாள். அவன் மண்குவியலின் ஓரத்தில் இன்ஜினை ஓடவிட்டு நின்றான். டிரெய்லர்கள் காற்றை இழுத்துக்கொண்டு போயின. இந்தக் காற்றை நிறுத்த ஸ்விட்ச் எங்கேயும் இல்லை. திரும்பிவிடலாமென்று ஹேண்டிலைக்கூடக் கொஞ்சம் ஒடித்துவிட்டான்.

அப்போது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கமிருந்து பைக்குகள் வந்தன. குவியலை ஒட்டி, கோடே இல்லாத தாரில், ஒருவர் பின் ஒருவராக. யாரும் முந்தவில்லை. பக்கத்தில் வந்த லாரியும் என்ன நினைத்ததோ, விலகியே வந்தது. வரிசையில் ஒரு முகத்தைக்கூட அவனுக்குத் தெரியாது. நடுவில் வந்த ஒருவன் இவனைப் பார்த்துவிட்டு வேகத்தைக் குறைத்தான். கம்பெனி லைனில் அடுத்த வண்டி இறங்க விடுகிற அளவுக்கு, சரியாக அந்த அளவுக்கு, முன்னால் இடம் திறந்தது.

வனமாமலை கிளட்சை விட்டான்.